திரையில் தெரியாத விமானம்

புதுப்பட்டினம், கல்பாக்கம்.

அன்பு மகளுக்கு,

சுற்றுவட்டாரத்தில் பறக்கும் விமானங்களை உடனுக்குடன் காட்டும் திரை ஒன்றை உங்கள் ஃபிளையிங் கிளப்பில் அமைக்கும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பது கேட்டு மிகவும் மகிழ்ந்தேன். என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன். அதைவிட, அந்தத் திரையை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்பதைத்தான் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன். பணிக்காலம் முழுவதும் அளவுக் கருவிகளோடு வாழ்ந்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

ஏடிஎஸ்-பி என்ற அறிவிப்புக் கருவி பொருத்திய விமானம் ஜி.பி.எஸ். மூலம் தன் இருப்பிடத்தைத் தெரிந்துகொண்டு, 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நொடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை அதை அறிவித்துக்கொண்டே போகிறது. உயரம், வேகம், போகும் திசை, அழைப்புப் பெயர் எல்லாம் அதோடு வரும். யாரும் கேட்டு அது பதில் சொல்வதில்லை. இந்த அறிவிப்பைப் பிடிக்க ஒரு காலத்தில் விலையுயர்ந்த கருவி வேண்டியிருந்தது. கணினியில் டி.வி. பார்ப்பதற்காக விற்ற சாதாரண யு.எஸ்.பி. டாங்கிளே இதற்குப் போதும் என்பது 2012 வாக்கில் தெரியவந்தது. அதன்பின் சால்வத்தோரே சான்ஃபிலிப்போ என்ற இத்தாலிய நிரலாளர் டம்ப்1090 என்ற மென்பொருளை எழுதி இலவசமாகக் கொடுத்தார். இன்று ரீட்எஸ்பி, டார்1090 ஆகிய மென்பொருள்களை ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் ஏற்றினால் வரைபடமே வந்துவிடும். அதை ஒரு டி.வி.யில் இணைத்தால் போதும்.

கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கை ஆண்டெனாவுக்கும் அதை நிறுத்தும் இடத்துக்கும் செலவிடு. இந்த அலையின் நீளம் 27.5 செ.மீ. அதில் கால் பங்கு, ஏழு செ.மீ.க்குச் சற்றுக் குறைவான கம்பியே நல்ல ஆண்டெனாவாக வேலை செய்யும். ஆனால் இந்த அலை நேர்கோட்டில்தான் வரும். பத்து மீட்டர் உயரத்தில் ஆண்டெனா இருந்தால் 35,000 அடியில் போகும் விமானத்தை 400 கி.மீ.க்கு அப்பாலும் பிடிக்கலாம். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கும் போர்ட் பிளேருக்கும் வங்கக் கடலுக்கு மேலே போகிறவை உன் திரையில் நெடுநேரம் தெரியும். உங்களைப் போல 1,000 அடியில் சுற்றி வருகிற பயிற்சி விமானத்துக்கோ கணக்குப்படி எல்லை 85 கி.மீ.தான். நடுவே தென்னந்தோப்பும் அடுக்குமாடியும் வந்தால் இன்னும் குறையும். உங்களுக்குத் தேவை தாழ்வாகப் பறக்கும் விமானங்கள்தான். ஆகவே, எத்தனை தூரம் பிடிக்கிறது என்பதைப் பெருமையாகப் பேசாமல், தாழ்வில் எது தெரிகிறது என்று பார்.

கேபிள் எவ்வளவு நீளமோ அவ்வளவு இழப்பு. டிஷ் டி.வி.க்குப் போடும் ஆர்ஜி-6 கேபிளே இதற்குத் தாராளம், பத்து மீட்டருக்குள் முடித்துக்கொள். பக்கத்தில் செல்போன் டவர் இருந்தால் 1090க்கான ஃபில்டர் ஒன்றையும் போட வேண்டும். கடலோர உப்புக்காற்று கனெக்டரைத்தான் முதலில் அரிக்கும். தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் இணைப்புகளை இறுகச் சுற்று. கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கொஞ்சம் தொங்கவிட்டு வளைத்தால் மழைநீர் உள்ளே வராமல் கீழே சொட்டிவிடும். இடிதாங்கியும் எர்த்தும் கட்டாயம். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. மொட்டைமாடியில் நிறுத்தும் கம்பத்தை அப்படிப்பட்ட காற்றை மனதில் வைத்தே கட்ட வேண்டும்.

இனி, முக்கியமான விஷயம். ஆலைக் கருவிகளில் 4 முதல் 20 மில்லிஆம்பியர் என்ற முறை ஒன்று உண்டு. அளவு பூஜ்யம் என்றாலும் கம்பியில் 4 மில்லிஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும். மின்னோட்டமே இல்லையென்றால் கம்பி அறுந்திருக்கிறது அல்லது கருவி செத்துவிட்டது என்று பொருள். ஒன்றும் இல்லை என்பதையும் ஒன்றும் தெரியவில்லை என்பதையும் பிரித்துக் காட்டத்தான் இந்த ஏற்பாடு. உன் திரைக்கும் அது வேண்டும். காலியான வரைபடத்தைப் பார்க்கிறவர், வானம் காலியா, ஆண்டெனா கழன்றுவிட்டதா என்று எப்படி அறிவார்? நொடிக்கு எத்தனை செய்தி வருகிறது, கடைசிச் செய்தி எந்த நேரத்தில் வந்தது என்ற இரண்டையும் மூலையில் பெரிய எழுத்தில் போடு. பத்து நொடி எதுவும் வராவிட்டால் அந்த இடம் சிவப்பாகட்டும். செய்தி நின்றுபோன விமானத்தின் படம் மங்கி, ஒரு நிமிடத்தில் மறைந்துவிட வேண்டும். பழைய இடத்திலேயே நிற்கும் படம், படம் இல்லாததைவிட ஆபத்தானது.

கருவி சரியாக வேலை செய்தாலும் அறிவிக்காத விமானம் அதில் தெரியாது. பழைய செஸ்னா போன்ற பயிற்சி விமானங்கள் பலவற்றில் உயரத்தை மட்டும் சொல்லும் டிரான்ஸ்பாண்டர்தான் இருக்கும், இடத்தைச் சொல்லாது. உங்கள் கிளப் விமானமே உங்கள் திரையில் தெரியாமல் போகலாம். மைக்ரோலைட்டும் ட்ரோனும் அப்படித்தான். தாம்பரம் விமானப்படைத் தளத்து விமானங்கள் எந்நேரமும் தம்மைக் காட்டிக்கொள்ளும் என்றும் எண்ணாதே.

தெரிகிற எண்ணிலும் கவனம் வேண்டும். திரையில் வரும் உயரம் 1013.25 ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்தத்தை அடிப்படையாகக் கொண்டது. நம் கடற்கரையில் கோடையில் அழுத்தம் 1003க்கு இறங்குகிற நாளில், உன் ஆல்டிமீட்டர் 1,000 அடி என்று காட்டும்போது திரை ஏறக்குறைய 1,280 அடி என்று காட்டும். இந்த வித்தியாசத்தை மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடு.

உயரம் தெரியாத புள்ளியின் விலையை நம் நாடு கண்டிருக்கிறது. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் மாண்டார்கள். அன்று தில்லியில் இருந்த ரேடார் விமானங்கள் இருக்கும் இடத்தைக் காட்டியது, உயரத்தைக் காட்டவில்லை. விமானிகள் வாயால் சொன்ன உயரத்தைத்தான் கட்டுப்பாட்டாளர் நம்ப வேண்டியிருந்தது. 15,000 அடியில் இருக்க வேண்டிய விமானம் 14,000 அடிக்கு இறங்கியது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

அனுமதி விஷயத்தில் அலட்சியம் கூடாது. இப்படிப்பட்ட ரிசீவரை வைத்துக்கொள்ள என்ன விதி என்று தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவுக்குக் கிளப்பின் பெயரில் எழுதிக் கேள், பதிலைக் கோப்பில் வை. எங்கள் கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கு மேலே பறக்கத் தடை உண்டென்று உனக்குத் தெரியும். அந்தத் தடை எல்லையை அதிகாரபூர்வ வரைபடத்தைப் பார்த்து உன் திரையில் சிவப்புக் கோடாக வரைந்து வை. திரையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட யாரையும் விடாதே.

இவ்வளவு எச்சரிக்கை சொன்னதால் வேண்டாம் என்கிறேன் என்று நினைக்காதே. பறந்துவிட்டு வந்தவர்கள் ஆசிரியரோடு திரைமுன் உட்கார்ந்து, எந்தப் பெரிய விமானம் எப்போது எந்த உயரத்தில் இறங்கியது என்று பார்த்துப் பேசினால், புத்தகத்தில் கிடைக்காத பாடம் கிடைக்கும். அதற்கு இது அருமையான கருவி. பறக்கும்போது இன்னொரு விமானத்துக்கு வழிவிட இதை நம்பக்கூடாது. அதற்குக் கட்டுப்பாட்டாளரின் சொல்லும் விமானியின் கண்ணும் இருக்கின்றன.

திரைக்குக் கீழே, "இங்கே தெரிபவை தம்மை அறிவிக்கும் விமானங்கள் மட்டுமே" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி மாட்டு. மாட்டிய பிறகே டி.வி.யைப் போடு.

அன்புடன்,
உன் பெரியப்பா