கடை முகப்பைத் தாங்கும் இரும்பு



சரக்கு வாங்கும்போது நாம் எவ்வளவு கவனமாக இருக்கிறோம்! துவரம்பருப்பு வந்தால் ஒரு கைப்பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்க்கிறோம். மூட்டைக்கு அரைக் கிலோ குறைந்தாலும் மறு எடை போடச் சொல்கிறோம். ஆனால் நம் கடை ஷட்டருக்கு மேலே நிற்கும் சுவர் எத்தனை கிலோ, அதை எது தாங்குகிறது என்று யாராவது கேட்டால், நம்மில் பெரும்பாலோர் "அதெல்லாம் மேஸ்திரி பார்த்துக்கிட்டார்" என்றுதான் சொல்வோம்.

நமது காரிமங்கலம் கடைத்தெருவிலும் பக்கத்து ஊர்களிலும் பழைய கடைகளின் முகப்பை இடித்துப் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. சிறிய வாசல் அகல ஷட்டர் ஆகிறது. இரண்டு கடைகள் ஒன்றாகின்றன. முகப்பில் கிரானைட் பலகை ஏறுகிறது. இவை எல்லாவற்றிலும் பாரம் சுமப்பது பூச்சுக்குள் மறைந்துபோகும் சில இரும்புத் துண்டுகளே. ஒரு தடவை பூசிவிட்டால் அவற்றை நாம் மறுபடியும் பார்க்கப்போவதில்லை. ஆகவே பார்க்க முடிகிற நாளிலேயே பார்த்துவிட வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் சாரம். நாம் பொறியாளர்கள் அல்ல. கணக்குப் போட்டுக் கொடுப்பது அவர்கள் வேலை. ஆனால் சரியான கேள்வியைக் கேட்கும் அளவுக்காவது நமக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் எடை

செங்கல் சுவர் ஒரு கன அடி சுமார் 54 கிலோ இருக்கும். ஒன்பது அங்குலச் சுவரில் ஒரு சதுர அடிக்கு 41 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். பத்து அடி அகல ஷட்டர். அதற்கு மேல் நான்கு அடி உயரச் சுவர் என்றால், நாற்பது சதுர அடி. மொத்த எடை 1,640 கிலோ. அதாவது 50 கிலோ சர்க்கரை மூட்டைகள் முப்பத்து மூன்றை வாடிக்கையாளர் தலைக்கு மேல் அடுக்கி வைத்திருக்கிறோம். மேல்தளத்தின் பாரம், சுருட்டிய ஷட்டரின் எடை, பெயர்ப்பலகை எல்லாம் இதற்கு மேல்.

கிரானைட் கணக்கும் எளிது. 20 மில்லிமீட்டர் கனமுள்ள பலகை சதுர அடிக்கு ஏறக்குறைய 5 கிலோ. நான்குக்கு இரண்டு அடிப் பலகை ஒன்று 40 கிலோ. பத்து அடி உயரத்திலிருந்து அது விழுந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

வாசலுக்கு மேல் போடும் இரும்பு

வாசலுக்கு மேல் இரும்பு உத்தரம் போடுவது புதிய வழக்கம் அல்ல. ஒடிசாவில் உள்ள கோனார்க் சூரியன் கோயிலில் 13-ஆம் நூற்றாண்டிலேயே இரும்பு உத்தரங்களைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நம் பக்கத்துப் பழைய கட்டடங்களில் பழைய ரயில் தண்டவாளத்தை உத்தரமாகப் போட்டிருப்பதை இன்றும் காணலாம். இப்போது கான்கிரீட் லிண்டல் வழக்கமாகிவிட்டாலும், பழைய சுவரை உடைத்து வாசலை அகலப்படுத்தும்போது சென்ட்ரிங் அடித்து நாட்கணக்கில் காத்திருக்க மனமில்லாமல், இரும்பு ஆங்கிளோ கர்டரோ வைத்து வேலையை முடிக்கிறார்கள். முறையாகச் செய்தால் அதில் தவறில்லை.

முறை என்பதில் மூன்று விஷயங்கள் உண்டு.

முதலாவது அகலம். ஆறு அடி வாசலுக்குத் தாங்கிய இரும்பு பன்னிரண்டு அடிக்கு "கொஞ்சம் வளையும், அவ்வளவுதான்" என்று நினைக்கக் கூடாது. அடிக்கு ஒரே அளவு பாரம் இருந்தாலும், அகலம் இரண்டு மடங்கானால் வளைவு பதினாறு மடங்கு ஆகிவிடும். இரும்பு உடைந்து விழாவிட்டாலும் அதன்மேல் நிற்கும் செங்கல் அந்த வளைவைத் தாங்காது. விரிசல் விடும், பிறகு உதிரும்.

இரண்டாவது இரும்பின் நிற்கும் உயரம். மர அடிக்கோலைப் படுக்கவைத்து நடுவில் அழுத்தினால் வளைகிறது. நிமிர்த்திவைத்து அழுத்தினால் அசைவதில்லை. இரும்பும் அப்படித்தான். படுக்கவைத்த பட்டை அகலச் சுவரைத் தாங்காது. ஆங்கிளில் பாரத்தைத் தாங்குவது அதன் நிமிர்ந்த பக்கம். சேனலும் கர்டரும் வலுவாக இருப்பதற்கும் அவற்றின் உயரமே காரணம். நிற்கும் உயரம் இரண்டு மடங்கானால் வளையாத தன்மை எட்டு மடங்கு கூடுகிறது.

மூன்றாவது இரு முனைகளும் உட்காரும் இடம். இரும்பு இருபக்கமும் சுவருக்குள் குறைந்தது அரை அடியாவது ஏறி உட்கார வேண்டும். அகல வாசலுக்கு முக்கால் அடி நல்லது. அதுவும் வெறும் செங்கல்மேல் அல்ல. அங்கே சிறு கான்கிரீட் மெத்தை போட்டு, அதன்மேல்தான் வைக்க வேண்டும். இல்லையென்றால் முழுப் பாரமும் இரண்டொரு செங்கலில் இறங்கி அவற்றை நொறுக்கிவிடும்.

இரும்பு வாங்கும்போது நமக்குத் தெரிந்த தொழிலே கைகொடுக்கும். அது தராசு. 50-க்கு 50, கனம் 6 மில்லிமீட்டர் என்று விற்கும் ஆங்கிள் ஒரு மீட்டர் 4.5 கிலோ இருக்க வேண்டும். 5 மில்லிமீட்டர் என்றால் 3.8 கிலோதான். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரியும், தராசுக்குத் தெரியாதா? 150 மில்லிமீட்டர் உயர கர்டர் மீட்டருக்கு 15 கிலோ அளவில் நிற்கும். எடை நன்றாகக் குறைந்தால் கனமும் குறைகிறது என்றே பொருள்.

இரண்டு கடையை ஒன்றாக்கும்போது

நடுச்சுவரை எடுத்துவிட்டால் கடை விசாலமாகும், சரக்கு அடுக்க வசதி. ஆனால் அந்தச் சுவர் வெறும் தடுப்பா, மேல்தளத்தைச் சுமக்கும் சுவரா என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு செங்கல்கூட எடுக்கக் கூடாது. சுமக்கும் சுவரானால், முதலில் இருபக்கமும் இரும்பு முட்டுக் கொடுத்து, மேல் பாரத்தை அந்த முட்டுகளில் இறக்க வேண்டும். பிறகு கர்டர் ஏற்றி, அதற்கும் மேல் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கெட்டிக் கலவையால் இறுக்கி அடைக்க வேண்டும். அதன் பின்னரே முட்டை எடுக்கலாம். கர்டர் போட்ட பிறகும் அந்த இடைவெளியை அடைக்காமல் விடுவது பல இடங்களில் நடக்கிறது. அப்படி விட்டால் கர்டர் சும்மா கிடக்கும். சுவர் தானாக இறங்கித்தான் அதன்மேல் உட்காரும்.

2017 ஜூலை 25-ஆம் தேதி மும்பை காட்கோபரில் நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று சரிந்து 17 பேர் இறந்தனர். தரைத்தளத்தில் நடந்த மராமத்தில் தூண்கள் சேதப்படுத்தப்பட்டதாகக் குடியிருப்பாளர்கள் புகார் கூறினார்கள், வழக்கும் பதிவானது. கீழே இருப்பவர் செய்யும் வேலை மேலே இருப்பவரின் உயிரைத் தொடுகிறது. வாடகைக் கடைக்காரர்கள் இதைக் குறிப்பாக மனதில் கொள்ள வேண்டும். கட்டட உரிமையாளரின் சம்மதம், பொறியாளரின் வரைபடம், பேரூராட்சியின் அனுமதி ஆகிய மூன்றும் கைக்கு வந்த பிறகுதான் சுத்தியல்.

தூணும் சுவரும் சேரும் இடம்

இப்போது கட்டும் கடைகளில் கான்கிரீட் தூண்களை எழுப்பிவிட்டு, நடுவில் செங்கல் வைத்து அடைக்கிறார்கள். தூணும் செங்கலும் வெவ்வேறு பொருள்கள். வெயிலில் வேறுவேறு அளவில் விரிபவை. இரண்டையும் கோத்துப் பிடிக்க, தூணிலிருந்து ஏறக்குறைய இரண்டு அடிக்கு ஒன்றாகச் சிறு கம்பிகளை நீட்டி, செங்கல் வரிசைகளுக்குள் செலுத்திக் கட்ட வேண்டும். சேரும் கோட்டில் கம்பி வலை அடித்துப் பூச வேண்டும். வலை விரிசலைக் குறைக்கும். சுவரைப் பிடித்து நிறுத்துவது கம்பிதான். ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது.

இந்தச் சிறு கம்பியின் அருமையை ஒரு பெரிய நகரம் வருத்தத்தோடு கற்றுக்கொண்டது. ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் ஆக்ஸ்கேங்ஸ் ஆரம்பப் பள்ளியின் சுவர் 2016 ஜனவரி 29-ஆம் தேதி புயல் காற்றில் பெயர்ந்து விழுந்தது. ஏறக்குறைய ஒன்பது டன் செங்கல். பிள்ளைகள் வராத நேரமாக இருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. அங்கே வெளிச்சுவர், உட்சுவர் என இரண்டு சுவர்களை இடைவெளி விட்டுக் கட்டி, உலோகக் கொக்கிகளால் கோப்பார்கள். அந்தக் கொக்கி ஒவ்வொரு சுவருக்குள்ளும் குறைந்தது 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம், புதைய வேண்டும். பல கொக்கிகள் அந்த ஆழத்துக்குப் போகவே இல்லை. பிறகு நடந்த சோதனையில் நகரத்தில் 17 பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. 2017 பிப்ரவரியில் வெளியான விசாரணை அறிக்கை, கட்டும்போது பக்கத்தில் நின்று சரிபார்க்க ஆள் இல்லாததையும் முக்கியக் குறையாகச் சொன்னது. கொக்கி வாங்கப் பணம் இல்லாமல் போகவில்லை. அது எவ்வளவு உள்ளே போயிற்று என்று பார்க்கத்தான் யாரும் இல்லை.

கல் பதித்த முகப்பு

கிரானைட்டுக்கு நாம் தூரம் போக வேண்டியதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலேயே வெட்டி மெருகேற்றுகிறார்கள். அதனால் சிறிய கடைக்கும் கல் முகப்பு வந்துவிட்டது. பார்வைக்கு அழகு, துடைக்க எளிது. ஆனால் அறுத்த பலகையின் பின்பக்கம் வழவழப்பானது. வெறும் சிமெண்ட் கலவை அதைப் பல ஆண்டு பிடித்துக்கொண்டிருக்கும் என்று நம்ப முடியாது. மேற்கு பார்த்த கடையின் கருங்கல் மாலை வெயிலில் கை வைக்க முடியாமல் சுடும், இரவில் குளிரும். பத்து அடி நீளக் கல் வரிசை இந்தச் சூட்டில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். நாள்தோறும் இப்படி இழுபட்டால் கலவை விட்டுவிடுகிறது.

ஆள் உயரத்துக்கு மேல் போகும் ஒவ்வொரு பலகைக்கும் கிளாம்பு கேளுங்கள். கல்லின் ஓரத்தில் துளையிட்டு, கிளாம்பின் ஊசியை அதில் செருகி, கிளாம்பைச் சுவரில் ஆங்கர் போல்ட்டால் முடுக்குவார்கள். ஒரு பலகைக்கு நான்கு பிடி வேண்டும். கீழ் இரண்டும் எடையைத் தாங்கும். மேல் இரண்டும் கல் முன்னே சாயாமல் பிடிக்கும். போல்ட் கான்கிரீட்டிலோ கெட்டியான செங்கலிலோ இறங்க வேண்டும். பூச்சில் மட்டும் நிற்கும் போல்ட், போல்ட்டே அல்ல. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நூலளவு இடைவெளி விட்டு, இளகிய பசையால் அடைக்கச் சொல்லுங்கள்.

பெயர்ப்பலகையும், ஏ.சி.பி. ஷீட்டுக்கு அடிக்கும் இரும்புச் சட்டமும் இதே கணக்குத்தான். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் அகலப் பலகையைக் கட்டினால், கோடை மழைக் காற்று அதைப் பாய்மரம்போல் தள்ளும். சட்டத்தின் பிடி கான்கிரீட் தளத்தில் இருக்க வேண்டும்; நாலரை அங்குலக் கைப்பிடிச் சுவரில் அல்ல.

துரு என்னும் மறைமுக எதிரி

இரும்பு துருப்பிடித்தால் மெலிகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அது பருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. துரு, இரும்பு இருந்த இடத்தைப்போல் இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். சுவருக்குள் இடம் இல்லாததால் செங்கலையும் கல்லையும் பிளந்து இடம் பிடிக்கும்.

கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரில் 2,400 ஆண்டுகளுக்கு முன் கட்டிய பார்த்தினான் கோயில் இதற்குச் சரியான சாட்சி. பழைய சிற்பிகள் சலவைக்கல்லை இரும்புப் பிடிகளால் கோத்து, அந்த இரும்பைச் சுற்றி ஈயம் ஊற்றினார்கள். 1898-க்குப் பின் நடந்த புதுப்பிப்பில் ஈயம் இல்லாமல் இரும்பை வைத்தார்கள். சில பத்தாண்டுகளில் அந்த இரும்பு துருவேறிக் கல்லைப் பிளந்தது. 1975-க்குப் பின் தொடங்கிய திருப்பணியில் அவற்றை அகற்றி, துருப்பிடிக்காத டைட்டேனியம் பிடிகளை வைத்தார்கள். இரும்பைக் காப்பாற்றினால் இரும்பு கல்லைக் காப்பாற்றும்.

நமக்கு டைட்டேனியம் வேண்டாம். கல் பிடிக்க எவர்சில்வர் கிளாம்பும், அதற்கு எவர்சில்வர் போல்ட்டும் போதும். கிளாம்பை நல்லதாக வாங்கிவிட்டுச் சாதா இரும்பு போல்ட் போட்டால் போல்ட் முதலில் போகும். ஆங்கிள், கர்டருக்குத் துத்தநாகம் பூசியது நல்லது. வெல்டிங் வைத்த இடத்தில் பூச்சு எரிந்துபோகும்; அங்கே மறுபடியும் துத்தநாக வண்ணம் அடிக்க வேண்டும்.

மளிகைக்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல்: உப்பு மூட்டையைச் சுவரோடும் தூணோடும் ஒட்டி அடுக்காதீர்கள். உப்பின் ஈரம் கசிந்து உள்ளே உள்ள கம்பியைத் தின்னும். ஷட்டரின் அடிப்பகுதியும் ஓரச் சேனலும் முதலில் துருப்பிடிப்பது இதனால்தான். பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள்.

பூசுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

1. வாசல் அகலம், மேல் பாரம் இரண்டையும் குறிப்பிட்டுப் பொறியாளர் எழுதிக்கொடுத்த இரும்பு அளவு கையில் உள்ளதா?

2. வந்த இரும்பை எடை போட்டுப் பார்த்தோமா?

3. இரு முனையும் அரை அடிக்குக் குறையாமல், கான்கிரீட் மெத்தையின்மேல் உட்கார்ந்திருக்கிறதா?

4. தூணிலிருந்து கம்பி நீட்டிச் சுவரைக் கோத்தார்களா? எத்தனை கம்பி என்று எண்ணினோமா?

5. மேல் வரிசைக் கல் ஒவ்வொன்றுக்கும் நான்கு கிளாம்பு உண்டா?

6. இவற்றை எல்லாம் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தோமா? நாளை விரிசல் கண்டால், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் சாட்சி அந்தப் படம்தான்.

ஏற்கெனவே கட்டிய கடைகளில், வாசல் மூலையிலிருந்து படிக்கட்டுப்போல் மேலேறும் விரிசல், லிண்டல் மட்டத்தில் படுக்கையாக ஓடும் விரிசல், பழுப்பு நீர்க்கறை, தட்டினால் பொள்ளலாக ஒலிக்கும் கல், திடீரென்று இறுகும் ஷட்டர் ஆகியவை எச்சரிக்கை. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பூசி மறைக்காதீர்கள். முகப்பின் கீழ் ஆட்கள் நிற்காதபடி கயிறு கட்டிவிட்டுப் பொறியாளரை அழையுங்கள்.

வாரச் சந்தை நாளில் மழை தூறினால், நம் கடைக்கு வராதவர்கூட நம் முகப்பின் கீழ்தான் ஒதுங்குகிறார். குழந்தையை இடுப்பில் வைத்த தாய்மாரும், சுமை இறக்கும் தொழிலாளரும் அங்கேதான் நிற்கிறார்கள். மேலே பார்த்துவிட்டு யாரும் ஒதுங்குவதில்லை. அவர்களுக்காகவும் மேலே பார்ப்பது நம் பொறுப்பு. அடுத்த மாதம் கடை வேலை தொடங்க இருக்கும் நண்பர்கள், கொத்தனாரிடம் பூச்சு நாளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தின நாள் காலையில் ஒரு மணி நேரம் கல்லாவை விட்டு எழுந்து போய்ப் பார்த்து வாருங்கள்.