சண்டிகர் நாற்காலியைச் சோதித்து வாங்குவது எப்படி?

1950-களில் சண்டிகர் நகரம் உருவானபோது, அதன் அலுவலகங்களுக்கும் நூலகங்களுக்குமான மரச்சாமான்களை வடிவமைக்கும் பணிக்குத் தலைமை ஏற்றவர் சுவிட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர் பியர் ஜானெரே. ஊர்மிளா யூலி சௌத்ரி போன்ற இந்தியக் கலைஞர்களும் உடன் உழைத்தார்கள். தேக்கையும் பிரம்பையும் கொண்டு அவற்றைச் செய்தவர்கள் நம் நாட்டுத் தச்சர்கள். பழசானதும் கழிவு ஏலத்தில் போன அந்த நாற்காலிகள் இன்று வெளிநாட்டு ஏலங்களில் லட்சக்கணக்கில் விலைபோகின்றன. போலிகளும் பெருகிவிட்டன. வாங்கும் முன் இந்த வரிசையில் பாருங்கள்.

1. ஆவணம்: எந்த அலுவலகத்திலிருந்து, எந்த ஏலத்தில் வந்தது என்பதற்கு ரசீது கேளுங்கள். அரசு அலுவலகங்களில் இருக்கும் இந்தப் பாரம்பரியச் சாமான்களை விற்கவும் ஏலம் விடவும் மத்திய உள்துறை அமைச்சகம் 2011-இல் தடை விதித்தது. எனவே, எங்கிருந்து, எப்போது வந்தது என்ற கேள்விக்குப் பதில் மழுப்பலாக இருந்தால் வாங்காதீர்கள்.

2. எழுத்து: அலுவலகங்கள் கணக்குக்காகத் துறையின் சுருக்கப் பெயரையும் எண்ணையும் பெயின்ட்டால் எழுதிவைத்தன. பழைய பெயின்ட் மரத்தோடு சேர்ந்தே தேய்ந்திருக்கும். ஆனால் போலியாக எழுதுவதும் எளிது. இதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

3. அடிப்பக்கம்: நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். பாலிஷ் படாத இடத்தில் மரம் தானாகக் கருத்திருக்க வேண்டும். நட்சத்திரத் தலை ஸ்க்ரூ இருந்தால், பின்னாளில் பழுது பார்த்தார்களா என்று விசாரியுங்கள்.

4. இணைப்பு: பெயர்பெற்ற கைநாற்காலியில் இருபுறமும் கால்கள் தலைகீழ் 'வி' வடிவில் சாய்ந்து கைப்பிடியைத் தாங்கும். மொத்த பாரமும் அந்தச் சட்டத்தில்தான் இறங்குகிறது. ஆட்டிப் பாருங்கள், விரிசலைத் தடவிப் பாருங்கள். பல பட்டறைகளில் கையால் செய்ததால் அளவு சற்று மாறுவது குறையல்ல.

5. தேய்மானம்: கை படும் இடமும் தரையில் படும் கால் நுனியும்தான் அதிகம் தேயும். எல்லா இடமும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால், செயற்கையாகப் பழமை ஏற்றியிருக்கலாம்.

6. பிரம்பு: பிரம்பின் ஆயுள் குறைவு. பின்னல் புதிதாக இருப்பது இயல்பே. மரம் எவ்வளவு பழையது என்பதைப் பார்த்தே விலை பேசுங்கள்.

7. பராமரிப்பு: உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். மென்துணியால் துடைத்து, மெல்லியதாக மெழுகு பூசினால் போதும். தொய்ந்த பிரம்பை அடிப்பக்கமாக ஈரத்துணியால் நனைத்து நிழலில் உலர்த்தினால் ஓரளவு இறுகும்.

இவற்றைச் செய்த தச்சர்களில் பெரும்பாலோரின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. அவர்களுடைய உளித்தடம்தான் அவர்கள் விட்டுச்சென்ற கையெழுத்து. பளபளப்புக்கு ஆசைப்பட்டு அதை அழித்துவிடாதீர்கள்.