எஞ்சின் எச்சரிக்கை விளக்கு: பொருளும் பொறுப்பும்

முன்னுரை

தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்பது ஓர் இயல். உள்ளத்தில் நிகழும் உணர்ச்சி, உடலின்வழிப் புறத்தே புலப்படும் முறையை அவ்வியல் ஆராய்கின்றது. ஒருவர் கண்ணில் நீர் பெருகக் கண்டவுடன் துயரம் என்று முடிவு கட்டிவிட இயலாது. உவகையிலும் கண்ணீர் பெருகும். புறக்குறியைக் கண்டு அகக் காரணத்தை ஆய்ந்துணர்தல் இலக்கியம் கற்போர்க்குப் பழகிய பயிற்சியாகும். அப்பயிற்சி இன்று வாகனம் ஓட்டுவோர்க்கும் வேண்டியதாகிவிட்டது.

மேலூரைத் தொட்டுச் செல்லும் மதுரை–திருச்சி நாற்கரச் சாலையில் இரவு நேரத்தில் ஒரு குடும்பம் விமான நிலையம் நோக்கிச் செல்வதாகக் கொள்வோம். மகிழுந்தின் முகப்புப் பலகையில் எஞ்சின் வடிவத்தில் மஞ்சள் விளக்கொன்று ஒளிர்கின்றது. "ஒன்றுமில்லை, போகலாம்" என்பார் ஒருவர். "எஞ்சின் போயிற்று, இனிப் பெருஞ்செலவுதான்" என்பார் மற்றொருவர். இருவருமே குறியைப் படியாமல் தீர்ப்புக் கூறியவர் ஆவர். அவ்விளக்கு சொல்வது யாது, மின்னேற்றம் செய்யும் கலப்பு மகிழுந்தில் அதன் பொருள் எவ்வாறு வேறுபடுகின்றது, அதனைக் கண்டவர்க்குரிய பொறுப்பு யாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கலப்பு மகிழுந்தின் இயல்பு

பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் இணைந்து இயக்கும் ஊர்தியை ஹைபிரிட் என்பர். தமிழில் கலப்பு மகிழுந்து எனலாம். அதன் மின்கலத்தை எஞ்சினும், வேகத்தடை அழுத்தும்போது கிடைக்கும் ஆற்றலும் நிரப்பும். இவற்றோடு, வீட்டு மின்சாரத்தில் செருகியும் மின்னேற்றம் செய்யத்தக்கது பிளக் இன் ஹைபிரிட் ஆகும். இதனை மின்னேற்றக் கலப்பு மகிழுந்து என்று குறிப்போம்.

2008 டிசம்பரில் சீனாவின் பி.ஒய்.டி. நிறுவனமும், 2010 டிசம்பரில் அமெரிக்காவில் செவர்லே வோல்ட் மகிழுந்தும் இவ்வகையை விற்பனைக்குக் கொண்டுவந்தன. இந்தியாவில் 2015இல் பி.எம்.டபிள்யூ. ஐ8, 2016இல் வோல்வோ எக்ஸ்.சி.90 டி8 ஆகியன அறிமுகமாயின. பின்னது 2019இல் கர்நாடகத்தின் ஹோஸ்கோட்டே ஆலையில் பொருத்தப்படலாயிற்று. நம் பகுதியில் இவ்வகை ஊர்தி அரிது. செருகத் தேவையில்லாத கலப்பு மகிழுந்துகளோ பெருகி வருகின்றன. எனினும் விளக்கின் இலக்கணம் இரண்டிற்கும் பெரும்பாலும் ஒன்றே.

விளக்கு தோன்றிய வரலாறு

இவ்விளக்கு முதன்மையாகப் புகைமாசைக் கட்டுப்படுத்தப் பிறந்தது. ஊர்திப் புகையால் காற்று கெட்ட கலிபோர்னியா மாநிலம், 1988ஆம் ஆண்டின் மகிழுந்துகள் முதல், தன் பழுதைத் தானே கண்டறியும் அமைப்பைக் கட்டாயமாக்கிற்று. 1996 முதல் அமெரிக்கா முழுவதும் அதன் இரண்டாம் நிலை நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளோடு 2010இல் முதல் நிலையும் 2013இல் இரண்டாம் நிலையும் நான்கு சக்கர ஊர்திகளுக்கு வந்தன. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்குப்பின் இரு சக்கர வண்டிகளிலும் இவ்விளக்கு இடம்பெற்றது. ஆதலின் கல்லூரிக்கு வண்டியில் வரும் மாணவர்க்கும் இது தொடர்பற்ற செய்தியன்று.

நிறமும் துடிப்பும்

முகப்புப் பலகை விளக்குகளின் நிறம் முதலில் நோக்கத்தக்கது. எண்ணெய் அழுத்தம், எஞ்சின் வெப்பம் முதலியவற்றிற்குரிய சிவப்பு விளக்கு எரியுமாயின், பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்த வேண்டும். மஞ்சள் விளக்கு, விரைவில் ஆராய்க என்பதைக் குறிக்கும். எஞ்சின் விளக்கு மஞ்சள் நிறத்தது. அது நிலையாக எரிந்து, வண்டியின் ஓட்டத்தில் மாறுதல் இல்லையெனில், வேகத்தைக் குறைத்துச் சென்று சில நாட்களுள் பணிமனையில் காட்டலாம்.

அவ்விளக்கு விட்டுவிட்டு மின்னுமாயின் நிலைமை வேறு. எஞ்சின் உருளையில் பெட்ரோல் சரிவர எரியாமல், புகைக்குழாயிலுள்ள வினையூக்கிப் பெட்டிக்குச் செல்கின்றது என்பது அதன் பொருள். அப்பெட்டியினுள் தேனடை போன்ற பீங்கான் கட்டமைப்பின்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் பூசப்பட்டுள்ளன. எரியாத பெட்ரோல் அங்குச் சென்று எரிந்தால், மிகு வெப்பத்தால் அக்கட்டமைப்பு உருகிக் கெடும். ஆகவே மின்னும் விளக்கைக் கண்டவுடன் வேகத்தைத் தணித்து, ஓரமாக நிறுத்தி, உதவியை நாடுதல் வேண்டும்.

குறியெழுத்தின் இலக்கணம்

விளக்கு எரியும்போது மகிழுந்தின் கணிப்பொறி ஐந்து உறுப்புக்கொண்ட ஒரு குறியைப் பதிவு செய்கின்றது. ஓட்டுநர் இருக்கைப் பக்கம் முகப்புப் பலகையின் அடியிலுள்ள 16 முனை இணைப்பில் ஸ்கேனர் கருவியைச் செருகினால் அதனைப் படிக்கலாம். பவர்ட்ரெயின் எனப்படும் இயக்கப் பகுதியின் குறிகள் 'பி' என்னும் எழுத்தில் தொடங்கும். இரண்டாம் இடத்தில் 0 வரின் பொதுக்குறி; 1 வரின் தயாரிப்பாளரின் தனிக்குறி. மூன்றாம் இடம் எந்த அமைப்பு என்பதைச் சுட்டும். 3 எரிதல் பிழையையும், 4 மாசுக்கட்டுப்பாட்டுத் துணையமைப்பையும், 'ஏ' என்னும் எழுத்து கலப்பு இயக்கத்தையும் குறிக்கும்.

பி0420 என்பது வினையூக்கிப் பெட்டியின் திறன் குறைந்ததைச் சொல்லும். பி0455 என்பது பெட்ரோல் ஆவி பெருமளவில் கசிவதைச் சொல்லும். தொட்டியின் மூடியைச் சரிவர இறுக்காமையே அதற்குக் காரணமாதலும் உண்டு. பி0ஏ80 என்னும் குறியின் பெயரே கலப்பு மின்கலத் தொகுதியை மாற்றுக என்பதாகும். பெயரைக் கண்டே பலர் அஞ்சுவர். ஆனால் மின்கலங்களை இணைக்கும் தகடுகளில் அரிப்பு ஏற்பட்டாலும் அதே குறி தோன்றக்கூடும். மின்கலத்தைக் குளிர்விக்கும் காற்றுவழியில் தூசி அடைத்தால் மிகுவெப்பம் உண்டாகி மின்கலம் தளரும். குறி, தேட வேண்டிய இடத்தைக் காட்டுகின்றது. காரணத்தைக் கண்டறிவது ஆராய்வோரின் கடமையாகின்றது. குறியை மட்டும் கண்டு விலையுயர்ந்த உறுப்பை மாற்றச் சொல்வது, கண்ணீரைக் கண்டு துயரம் என்றது போலாகும்.

மின்னேற்ற வகையின் தனித்தன்மை

மின்னேற்றக் கலப்பு மகிழுந்தில் அன்றாடச் சிறு பயணங்கள் மின்சாரத்திலேயே முடிந்துவிடும். எஞ்சின் வாரக்கணக்கில் இயங்காதிருக்கலாம். இதனால் சில தனித்த நிலைகள் தோன்றுகின்றன.

முதலாவது, பெட்ரோல் பழையதாதல். வோல்ட் மகிழுந்தில் ஏறத்தாழ ஆறு வாரம் எஞ்சின் இயங்காவிடில், அது தானே சிறிது நேரம் இயங்கும். தொட்டியிலுள்ள பெட்ரோலின் சராசரி வயது ஓராண்டைக் கடந்தாலும், அதனைச் செலவழிக்க எஞ்சின் தொடங்கும். இதனைப் பழுதென்று மயங்குதல் கூடாது.

இரண்டாவது, மூடிய தொட்டி. எஞ்சின் ஓடும்போதுதான் பெட்ரோல் ஆவி உள்ளிழுக்கப்பட்டு எரியும். ஓடாத எஞ்சினில் அதற்கு வழியில்லாமையால், இவ்வகை ஊர்திகள் பலவற்றில் தொட்டி அழுத்தத்துடன் மூடியே இருக்கும். பெட்ரோல் நிரப்புமுன் பொத்தானை அழுத்தி, அழுத்தம் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, 12 வோல்ட் சிறு பேட்டரி. பல கலப்பு ஊர்திகளில் இதன் பணி கணிப்பொறிகளை எழுப்புவதாகும். இது தளர்ந்தால் தொடர்பற்ற பல விளக்குகள் ஒருங்கே எரியும். அந்நிலையில் முதலில் இதனைச் சோதித்தல் நலம். ஆரஞ்சு நிற உறையிட்ட கம்பிகளைப் பயிற்சியற்றவர் தொடவே கூடாது. அவற்றில் செல்வது உயிரைப் பறிக்கவல்ல உயர் மின்னழுத்தம்.

அணைத்தலும் நீக்குதலும்

பழுது நீங்கியபின், அடுத்தடுத்த மூன்று ஓட்டங்களில் அது மீண்டும் தோன்றாவிடில் விளக்கு தானே அணையும். எனவே பெட்ரோல் மூடியை இறுக்கியவுடன் விளக்கு அணையவில்லையே என்று கலங்க வேண்டா. ஸ்கேனரால் குறியை அழித்தும் விளக்கை அணைக்கலாம். அதனால் பழுது நீங்காது. பழுது நேர்ந்த நொடியின் வேகம், வெப்பம் முதலிய பதிவுகளும் உடன் அழியும். நல்ல மெக்கானிக்கிற்குரிய சான்றை நாமே அழித்தவராவோம்.

பழைய வண்டியை விற்கும்போதுதான் இது பெரிய கேள்வியாகின்றது. விற்குமுன் குறியை அழித்துவிட்டால், வாங்குவோர் முன் விளக்கு எரியாது. சில நாள் ஓடியபின் எரியும். சேமிப்பையோ கடனையோ கொட்டி வாங்கிய குடும்பம் அப்போது செலவைச் சுமக்கும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலொன்றில் கையை நுழைத்து, உள்ளே ஈரமிருக்கக் கண்ட நிகழ்ச்சியை இமாம் முஸ்லிம் அவர்களின் நபிமொழித் தொகுப்பு கூறுகின்றது. மழையில் நனைந்தது என்றார் வணிகர். மக்கள் காணுமாறு அதனை மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவிய அண்ணலார், ஏமாற்றுதலை வன்மையாகக் கண்டித்தார்கள். நனைந்தது வணிகர் குற்றமன்று; மறைத்ததே குற்றம். வண்டி பழுதாவதும் அத்தகையதே. அழிக்கப்பட்ட குறி, உலர்ந்த தானியத்தால் மூடிய ஈரமன்றி வேறென்ன?

வாங்குவோர்க்கும் ஒரு வழி உண்டு. குறியை அழித்தால், கணிப்பொறி தன் உட்சோதனைகளை முதலிலிருந்து நடத்த வேண்டும். அவை முடிந்தனவா என்பதையும், பல வண்டிகளில் குறி அழித்தபின் ஓடிய தூரத்தையும் ஸ்கேனர் காட்டும். சோதனைகள் முடியாதிருப்பின் விற்பவரை வினவ வேண்டும். ஆயின் மின்னேற்றக் கலப்பு வகையில் எஞ்சின் அரிதாகவே இயங்குவதால், 12 வோல்ட் பேட்டரியை மாற்றியது போன்ற நேர்மையான காரணத்திற்குப்பின்னும் அச்சோதனைகள் நெடுநாள் முடியாதிருக்கலாம். தீய ஐயத்தைத் தவிர்க்குமாறு திருமறை கற்பிக்கின்றது. ஆகவே பழி கூறுமுன், எஞ்சின் இயங்குமாறு சில நாள் ஓட்டிப் பார்த்து மீண்டும் சோதித்தலே நீதியாகும்.

முடிவுரை

நிறத்தையும் துடிப்பையும் நோக்குதல், குறியைப் படித்தல், காரணத்தை ஆராய்தல், அதன்பின் செலவிடுதல் என்பதே முறை. இம்முறை பயணத்தில் உயிரையும் பணிமனையில் பொருளையும் காக்கும். விற்கும்போது கண்ட குறையைச் சொல்லி விற்பது, வாங்குபவரையும் விற்பவரையும் ஒருங்கே காக்கும். நம் மாணவருள் சிலர் நாளை பணிமனை நடத்துவர். பலர் வண்டி வாங்குவர், விற்பர். விளக்கைப் படிக்கும் அறிவையும், படித்ததை மறையாது சொல்லும் நேர்மையையும் எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக.