ஒன்றாம் வகுப்புக்கு வரும் புது டீச்சர்களுக்கு

மக்களே, இனயம் மாதிரி கடற்கரை ஊரில் வாசிக்கச் சொல்லிக்கொடுக்க வருகிறீர்கள். தேரூர் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்திலும் வட்டார வள மையத்திலும் சொல்லித் தருவதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான்.

1. பயிற்சிக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். ‘பிள்ளைகளுக்கு வாசிப்பு வரவில்லை’ என்றால் கருத்தாளரும் பொதுவாக எதையாவது சொல்லிவிட்டுப் போவார். ‘கொடியைக் கெடி என்கிறான், கொம்பைப் பார்க்கிறான், துணைக்காலை விட்டுவிடுகிறான்’ என்று எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். அப்போது அவரும் யோசித்தாக வேண்டும்.

2. ‘ம்’ எழுத்தை ‘இம்’ என்று பழக்கினால், பிள்ளை படத்தைப் ‘ப-ட-இம்’ என்று வாசித்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். உதட்டை மூடி ஒலியை இழுத்துக் காட்டுங்கள். ல், ன் எல்லாம் அப்படி இழுக்க வரும். க், ட், ப் தனியே வராது. பக்கம், பட்டம், அப்பம் என்று சொல்லுக்குள் வைத்தே காட்டுங்கள்.

3. பிள்ளை முதலில் வாசிக்க ஆசைப்படுவது தன் பெயரை. நம் வகுப்பிலோ ஜெனிஷா, ஷிபு, ஸ்டெபின். கிரந்த எழுத்துப் பாடம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதல் வாரமே பெயரட்டை எழுதிக் கையில் கொடுங்கள். முழுப் பெயரையும் படம் போலப் பார்த்து அடையாளம் கண்டால் அப்போதைக்குப் போதும்.

4. பிள்ளையின் வீட்டுப் பேச்சைத் திருத்தப் பாயாதீர்கள். அட்டையில் ‘மத்தி’ என்றிருந்தால் பிள்ளை எழுத்துப் பிசகாமல் வாசிக்கும், அது தன் வீட்டுச் சாளைதான் என்று தெரியாமலே. பொருள் தெரியாததை வாசிப்புக் கணக்கில் நான் சேர்ப்பதில்லை. சாளை, நெத்திலி, வள்ளம் எல்லாம் கரும்பலகைக்கு வரட்டும். கரையில் கிடக்கும் வள்ளங்களில் எழுதியிருக்கும் பெயர்களும் நல்ல பாடம்தான்.

5. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்கள். பிரிப்பது நல்லது, பிள்ளையை அங்கேயே உட்காரவைத்துவிடுவதுதான் கெடுதல். திட்டச் செயலியில் ஏற்றிய நிலை விவரம் போன மாதத்துடையது, இன்றைய நிலை அதில் தெரியாது. தினம் நாலைந்து பேரையாவது பக்கத்தில் நிறுத்தி வாசிக்கக் கேளுங்கள். அரும்பில் இருப்பவர்கள் முதலில்.

6. அம்மா மீன் விற்கப் போயிருப்பார். ‘வீட்டில் சொல்லிக்கொடுங்கள்’ என்று குறிப்பெழுதி அனுப்பாதீர்கள். பிள்ளை வாசிக்க, பாட்டி கேட்டால் போதும்.

7. மாதம் ஒருமுறை பக்கத்து வகுப்பு டீச்சரைப் பின்னால் உட்காரச் சொல்லுங்கள். சேர்ந்து வாசிக்கும்போது யார் வாய் அசைக்காமலே கூட்டத்தோடு தப்பிக்கிறார்கள் என்று அவர் பார்த்துச் சொல்லட்டும்.