அம்மாவாக இருந்து அப்பாவான கலவா

கேள்வி: கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஒரு கலவா மீன் ஏலம் போனதைப் பார்த்தோம். ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் உயரத்துக்கு இருந்தது. வாயிலிருந்து பலூன் மாதிரி ஏதோ பிதுங்கி நின்றது. அது நோயா? "இந்த அளவுக்கு வளர்ந்ததெல்லாம் ஆண்தாம்மா" என்றார் தூண்டில் போட்டுப் பிடித்தவர். அது எப்படி? கலவா பவளப்பாறை மீன் என்கிறார்களே, கடலூரில் ஏது பவளப்பாறை? அதற்கு எத்தனை வயதிருக்கும் என்று மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.
– ஒரு வாசகி, அண்ணாகிராமம்

பதில்: நோய் இல்லை அம்மா. பிதுங்கி நின்றது அதன் இரைப்பை. கலவாவின் உடம்புக்குள் ஒரு காற்றுப்பை இருக்கிறது. அந்தப் பைக்கும் தொண்டைக்கும் வழி கிடையாது. நாற்பது மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடலின் மேல்மட்டத்தில் இருப்பதைப்போல ஐந்து மடங்கு. அங்கிருந்து மளமளவென்று இழுத்தால் பைக்குள் இருக்கும் வாயு விரிந்து, இரைப்பையை வாய்வழியே தள்ளிவிடும். இப்படி ஊதிப்போன மீனைத் திருப்பிக் கடலில் விட்டாலும் உள்ளே இறங்க முடியாமல் மிதந்து தவிக்கும்.

தூண்டில்காரர் சொன்னது பெரும்பாலும் சரி. கலவா இனங்களில் பெரும்பாலானவை பெண்ணாகவே பருவமடைகின்றன. பல ஆண்டுகள் முட்டையிட்ட பிறகு, உடல் பெருத்த சிலவற்றில் சினைப்பை சுருங்கி, அதே உறுப்பு விந்து தரத் தொடங்குகிறது. நம் கரையில் கிடைக்கும் மலபார் கலவாவில் இந்த மாற்றம் சுமார் ஒரு மீட்டர் நீளத்தில் நடக்கும். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ஒரு காலத்தில் அம்மாவாக இருந்த மீன்.

இதில்தான் என் கவலையும் இருக்கிறது. பெரிய மீனுக்கு நல்ல விலை என்பதால் பெரியதையே தேடிப் பிடிக்கிறோம். அப்படியானால் பிடிபடுவது ஆண்தான். மெக்சிகோ வளைகுடாவில் ஒரு கலவா இனத்தில் 1970களில் நூற்றுக்குப் பதினேழு ஆணாக இருந்தன. 1990களில் அது ஓரிரண்டாகக் குறைந்துவிட்டது. முட்டையிடப் பெண் மீன்கள் இருந்தும் துணைக்குப் போதிய ஆண் இல்லை.

பவளப்பாறை பற்றிக் கேட்டீர்கள். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி இருப்பதுபோன்ற பவளத் திட்டு கடலூருக்கு நேரே இல்லை. ஆனால் கலவா தேடுவது பவளத்தை அல்ல, பொந்தை. கடலடியில் பாறை கிடக்கும் இடத்தை மீனவர்கள் 'பார்' என்பார்கள். பாரிலும், மூழ்கிய படகிலும், மீனுக்காக இறக்கப்பட்ட சிமெண்ட் கட்டுமானங்களிலும் கலவா குடியேறிவிடும். வாசலில் அசையாமல் காத்திருந்து, இரை அருகே வந்ததும் வாயைத் திறக்கும். கண்ணிமைக்கும் நேரத்தில் தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சிவிடும்.

அதன் அறிவைப் பற்றியும் மகளுக்குச் சொல்லுங்கள். செங்கடலில் ஒரு கலவா இனம், இரை இடுக்குக்குள் புகுந்துகொண்டால் பாம்புபோல் நீண்ட அஞ்சாலை மீனின் பொந்துக்குப் போய்த் தலையை ஆட்டி அழைக்கிறது. அஞ்சாலை இடுக்குக்குள் நுழையும், கலவா வெளியே காவல் நிற்கும். யார் பக்கம் இரை ஓடுகிறதோ அவருக்கு அது. ரெடுவான் ப்ஷாரியும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 2006இல் இதை எழுதியபோது, மீன்களுக்குள் இப்படிக் கூட்டு வேட்டையா என்று நானும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இன்னொரு செய்தி உங்கள் ஊருக்கே நெருக்கமானது. கலவாவின் குஞ்சு திறந்த கடலில் பல வாரம் மிதந்து அலைந்தபின் கரையைத் தேடி வரும். மலபார் கலவாவின் குட்டிகள் வளர்வது கழிமுகத்திலும் அலையாத்திக் காட்டிலும்தான். பரங்கிப்பேட்டை வெள்ளாற்றிலும் பிச்சாவரத்தின் வேர்களுக்கிடையிலும் விரல் நீளக் கலவாக்கள் இறாலும் நண்டும் தின்று திரியும். உங்கள் பக்கம் ஓடும் தென்பெண்ணை தாழங்குடா அருகே கடலில் சேரும் இடமும் அத்தகைய கழிமுகமே. ஆற்றில் நாம் கொட்டும் குப்பையும் கழிவும் போய்ச் சேர்வது இந்தக் குட்டிகளின் வீட்டுக்கு. பாரில் அப்பாவைப் பிடித்துவிட்டுக் கழிமுகத்தில் பிள்ளையையும் சாகவிட்டால், அந்தப் பாருக்கு அடுத்து வர யார் இருக்கிறார்கள்?

ஒரு எச்சரிக்கை. கலவாக்களில் மிகப் பெரியது, இரண்டரை மீட்டருக்கும் மேல் வளரக்கூடிய ராட்சதக் கலவா. 2001இல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வளர்ந்த மீன் கருத்துத் திட்டுத்திட்டாக இருக்கும், உடம்புக்குக் கண் சிறிது. அதைக் கண்டால் வாங்காதீர்கள்.

வயதை நீளத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. மீனின் மண்டைக்குள், மூளைக்குக் கீழே, பக்கத்துக்கு ஒன்றாகப் பெரிய வெள்ளைச் செவிக்கற்கள் இருக்கும். மரத்துக்கு வளையம்போல அவற்றில் ஆண்டு வரிகள் விழும். அவற்றை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்து எண்ண வேண்டும். அடுத்த முறை மீன் வெட்டும் அக்காவிடம் தலையைப் பிளக்கும்போது அந்த இரண்டு கற்களையும் கேட்டு வாங்கி, கழுவிக் காயவைத்து மகளிடம் கொடுங்கள்.