தனியாள் பாய்ப்படகுப் பயணமும் திருகோணமலைக் கரையோரமும்

(புவியியல் – க.பொ.த. சாதாரண தரம்: துணைப்பாடம்)

மாணவர்களே, ஆனி, ஆடி மாதங்களில் நிலாவெளிக் கரையில் நின்று பார்த்தால் கடல் பெரும்பாலும் குளம்போல அமைதியாகத் தெரியும். சிறு பாய்ப்படகொன்றில் தனியே செல்ல இதைவிட நல்ல காலம் இல்லை என்றே எவருக்கும் தோன்றும். ஆயினும், கரையோரக் கடலை அமைதியாக வைத்திருக்கும் அதே காற்றுத்தான் படகைக் கரையிலிருந்து அப்பால் தள்ளுகின்றது. இது எவ்வாறு நிகழ்கின்றது, தனியே செல்பவர் தமது பயணத்தை எவ்வாறு திட்டமிட வேண்டும் என்பவற்றை இப்பாடத்தில் கற்போம்.

1. அமைவிடம்

திருகோணமலை ஏறத்தாழ வட அகலக்கோடு 8° 34', கிழக்கு நெடுங்கோடு 81° 14' இல் அமைந்துள்ளது. இதன் இயற்கைத் துறைமுகம் கொட்டியாரக் குடாவை நோக்கித் திறக்கின்றது. குடாவின் தென்பகுதியில், மூதூர்ப் பக்கமாக, மகாவலி கங்கை கடலில் கலக்கின்றது. படகோட்டி கவனிக்க வேண்டிய பௌதிக இயல்புகள் இரண்டு.

(அ) குடாவின் அடியில் பெரிய கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று உண்டு. கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே ஆழம் நூற்றுக்கணக்கான மீற்றராகி விடும். இத்தகைய இடத்தில் சிறு படகின் நங்கூரக் கயிறு அடியை எட்டாது.

(ஆ) வற்றுப்பெருக்கு வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. எனவே இங்கு பாய்ப்படகின் பயணத்தைப் பெரிதும் தீர்மானிப்பது காற்றே.

2. காற்றுகளின் காலம்

• மார்ச் – ஏப்ரல்: முதலாம் இடைப்பருவம். காற்று மென்மையானது. பகலில் கடற்காற்றும் இரவில் தரைக்காற்றும் தெளிவாக வீசும். பிற்பகலில் இடிமழை வரலாம்.
• மே – செப்டெம்பர்: தென்மேல் பருவக்காற்று. கிழக்குக் கரையார் இவ்வறண்ட காற்றைக் கச்சான் என்பர். இது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும்.
• ஒக்டோபர் – நவம்பர்: இரண்டாம் இடைப்பருவம். தாழமுக்கமும் சூறாவளியும் உருவாகும் காலம்.
• டிசெம்பர் – பெப்ரவரி: வடகீழ்ப் பருவக்காற்று (வாடை). அலைகள் கரையை நோக்கி வரும், கடல் கொந்தளிக்கும். 1964 டிசெம்பர்ச் சூறாவளி இம்மாவட்டத்தைத் தாக்கியது. 2020 டிசெம்பர் 2 ஆந் திகதி இரவு ‘புரெவி’ சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது.

3. அமைதி ஏன் ஆபத்தாகின்றது?

அலையின் உயரம் காற்றின் வேகம், அது வீசும் நேரம், அது கடந்து வரும் நீர்ப்பரப்பின் நீளம் ஆகிய மூன்றிலும் தங்கியுள்ளது. கச்சான் நிலத்தைக் கடந்து வருவதால் கரையருகே அதற்குக் கிடைக்கும் நீர்ப்பரப்பு மிகச் சிறிது. எனவே காற்றுப் பலமாக இருந்தாலும் அலை எழுவதில்லை. வெளியே செல்லச் செல்ல நீர்ப்பரப்பு நீளும், அலையும் உயரும். கரையில் நிற்பவருக்கு இது தெரியாது.

பாய்மரம் முறிந்தாலோ சுக்கான் பழுதடைந்தாலோ படகு வங்காள விரிகுடாவை நோக்கி ஒதுக்கப்படும். நங்கூரமும் உதவாது. இருவர் சென்றால் ஒருவர் சுக்கானைப் பிடிக்க மற்றவர் பழுதைச் சீர்செய்யலாம். தனியே சென்றவருக்கு அந்த வசதி இல்லை.

4. திரும்பும் தூரத்தைக் கணித்தல்

பாய்ப்படகு காற்றுக்கு நேர் எதிரே செல்ல முடியாது. காற்றுத் திசைக்கு ஏறத்தாழ 45° சாய்வில், இடமும் வலமுமாக மாறி மாறியே முன்னேறும்.

உதாரணம்: ஒருவர் காற்றோடு 5 கடல் மைல் வெளியே செல்கிறார். வேகம் 4 நொட். காற்று மாறாதிருப்பின் திரும்பி வர எவ்வளவு நேரம் தேவை?

செல்லும் நேரம் = 5 ÷ 4 = 1.25 மணி
திரும்பும் தூரம் = 5 × √2 ≈ 7 கடல் மைல்
எதிர்க்காற்றில் வேகம் 3 நொட் எனின், நேரம் = 7 ÷ 3 ≈ 2.3 மணி

அதாவது 1 மணி 15 நிமிடத்தில் சென்ற தூரத்தைத் திரும்பிக் கடக்க ஏறத்தாழ 2 மணி 20 நிமிடம் வேண்டும். ஆகவே முதலில் எதிர்க்காற்றில் சென்று, களைப்படைந்த பின் காற்றோடு திரும்புவதே சிறந்த திட்டம். கச்சான் காலத்தில் குடாவினுள், கரையை ஒட்டியே பயணம் அமைதல் வேண்டும்.

5. நிகழ்வு ஆய்வு

இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமி, 2012 – 2013 இல் எங்கும் தரிக்காமல் தனியே உலகைச் சுற்றி வந்தார். 2018 இல் மீண்டும் தனியாள் உலகச் சுற்றுப் போட்டியொன்றில் கலந்துகொண்டார். அவ்வாண்டு செப்டெம்பர் 21 ஆந் திகதி இந்து சமுத்திரத்தின் தென்பகுதியில், புயலில் ‘துரியா’ என்ற அவரது படகின் பாய்மரம் முறிந்தது, முதுகெலும்பும் காயமுற்றது. எழுந்து நடக்க இயலாத நிலையிலும் அவர் செய்தி அனுப்பினார். படகின் இருப்பிடம் அறியப்பட்டிருந்தமையால் 24 ஆந் திகதி பிரெஞ்சுக் கப்பலொன்று அவரை மீட்டது.

அனுபவம் விபத்தைத் தடுக்கவில்லை. அவர் எங்கே இருக்கிறார் என்பதைக் கரையிலுள்ளோர் அறிந்திருந்ததே அவரைக் காத்தது. சிறு கரையோரப் பயணத்துக்கும் இதுவே விதி.

6. புறப்படும் முன்

• வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் எதிர்வுகூறலைக் கேட்டல்.
• செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் கரையில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்தல்.
• உயிர்காப்பு அங்கி அணிதல். தவறி விழுந்தாலும் படகு விட்டுச் செல்லாதபடி உடலைக் கயிற்றால் படகுடன் இணைத்தல்.
• திசைகாட்டி, குடிநீர், துடுப்பு, வீ.எச்.எப். வானொலி என்பவற்றை எடுத்துச் செல்லல். அதன் 16 ஆம் அலைவரிசை ஆபத்து அழைப்புக்குரியது.
• துறைமுகத்தின் கடற்படைப் பகுதிகளுக்குள் அனுமதியின்றிச் செல்லாதிருத்தல். 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவில் முருகைக்கற்கள் மீது நங்கூரமிடாதிருத்தல்.

நினைவிற் கொள்க: கடல் அமைதியாக இருக்கிறதா என்று மட்டும் பாராதீர்கள். காற்று எத்திசையிலிருந்து வீசுகின்றது என்று பாருங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் திருகோணமலைக் கரையோரக் கடல் அமைதியாக இருப்பதற்கான காரணத்தை விளக்குக.
2. பாய்மரம் முறிந்த படகொன்று மு.ப. 10.00 முதல் பி.ப. 4.00 வரை 1.5 நொட் வேகத்தில் ஒதுக்கப்படுகின்றது. அது சென்ற தூரம் எத்தனை கிலோமீற்றர்? (1 கடல் மைல் = 1.852 கி.மீ.)
3. தனியே செல்பவர் தம் பயண விபரத்தைக் கரையில் விட்டுச் செல்வதன் அவசியத்தை உதாரணத்துடன் காட்டுக.

(வினா 2 இன் விடை: 9 கடல் மைல், ஏறத்தாழ 16.7 கி.மீ.)