நீலச் சொட்டும் மற்ற மாத்திரைகளும்

மெத்திலீன் ப்ளூ கேட்டு யாராவது வந்தால் முன்பெல்லாம் கொளத்தூர் பக்கம் கையைக் காட்டி அனுப்பிவிடுவேன். என் மருந்துக்கடை வில்லிவாக்கத்தில். வண்ணமீன் கடைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. மீனின் மேல் பஞ்சு மாதிரி பூஞ்சை படர்ந்தால் தொட்டியில் விடும் சாயம் அது. இப்போது கேட்டு வருகிறவர்கள் வீட்டில் மீன் தொட்டி கிடையாது. ஒருவர் குரூப் 1 தேர்வுக்குப் படிக்கிறார், இன்னொருவர் இரவு ஷிப்ட்டில் வேலை பார்க்கிறார், ஒருவர் பையனுக்காகக் கேட்கிறார். தினமும் நாக்கின் அடியில் சில சொட்டு விட்டால் மூளை சுறுசுறுப்பாகும், படித்தது மறக்காது என்று எல்லாரும் ஏதோ ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறார்கள்.

"ஆஸ்பத்திரியிலயே ஊசியா போடுறாங்களே அக்கா, அப்புறம் என்ன பயம்?" என்பது வழக்கமான கேள்வி. போடுகிறார்கள், உண்மைதான். கடை வைப்பதற்கு முன் பல வருடம் ஒரு தனியார் மருத்துவமனை மருந்தகத்தில் இருந்தேன். அவசரப் பிரிவுக்கான அலமாரியில் அந்த நீல ஆம்ப்யூல்கள் எப்போதும் இருக்கும். செடி நிறையப் பூக்க வேண்டும் என்று தெளிக்கும் நைட்ரோபென்சீனைக் குடித்துவிட்டு வந்தவர்களுக்கும், டாப்சோன் மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அது தேவைப்படும். அவர்கள் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் தன்மையை இழந்து சாக்லேட் நிறமாகிவிடும். உதடு நீலமாகும். ஆக்சிஜன் மாஸ்க் வைத்தாலும் தேறாது. மெத்திலீன் ப்ளூ அந்த ரத்தத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்.

அதை எப்படிக் கொடுப்பார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் கணக்கிட்டு, மெதுவாக ரத்தக்குழாயில் ஏற்றுவார்கள். பக்கத்தில் மானிட்டர் ஓடும். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று முதலிலேயே விசாரித்திருப்பார்கள். அளவு கிலோவுக்கு 7 மில்லிகிராமைத் தாண்டினால், எதைச் சரிசெய்ய வந்ததோ அதே கோளாறை அந்த மருந்தே உண்டாக்கலாம். ஊசி பாதுகாப்பானது என்று நாம் சொல்வது இத்தனையையும் சேர்த்துத்தான். வீட்டுக்கு வருவது பாட்டில் மட்டும்.

"நூறு வருஷத்துக்கு மேல இருக்கிற மருந்து" என்றும் சொல்வார்கள். அதுவும் சரி. ஜெர்மனியில் ஹைன்ரிச் காரோ 1876இல் துணிச் சாயமாகச் செய்தார். 1891இல் பால் எர்லிக் மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பழைய மருந்து என்றால் அதன் கெடுதல்களும் நமக்குத் தெரியும் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

என்னிடம் கேட்கிறவரை நான் முதலில் கேட்பது, "வேறென்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்பதுதான். "ஒண்ணுமில்லை" என்று உடனே பதில் வரும். அந்தப் பதிலை நான் நம்புவதில்லை. பொய் சொல்கிறார்கள் என்பதல்ல, தாங்கள் சாப்பிடுவது என்னவென்றே பலருக்குத் தெரியாது. மூளையில் செரட்டோனினைச் சிதைக்கும் எம்ஏஓ-ஏ என்ற நொதியை மெத்திலீன் ப்ளூ தடுக்கிறது. மனச்சோர்வுக்குத் தரப்படும் பல மாத்திரைகள் அதே செரட்டோனினை நரம்பு மறுபடி உறிஞ்சிக்கொள்ள விடுவதில்லை. இரண்டும் சேர்ந்தால் செரட்டோனின் அளவுக்கு மீறித் தேங்கும். பாராதைராய்டு அறுவை சிகிச்சையில் சுரப்பியை அடையாளம் காண இந்தச் சாயத்தை ஏற்றுவதுண்டு. அப்படி ஏற்றியபோது, ஏற்கெனவே இந்த வகை மாத்திரைகளில் இருந்த சிலர் குழம்பிப்போய், உடல் விறைத்து, காய்ச்சலோடு தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். 2011இல் அமெரிக்காவின் எஃப்டிஏ இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. வாய்வழியாகவோ குறைந்த அளவிலோ எடுத்தால் இந்த ஆபத்து உண்டா என்பது தெரியவில்லை என்றும் அதில் சொன்னது. வீடியோ போடுகிறவர்கள் அந்தக் கடைசி வரியைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்கிறார்கள். சாப்பிடப்போகிறவருக்கு அது சாதகமான வரி இல்லை.

நம் ஊரில் இந்த ஆபத்து எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்பதை கவுன்டரில் நிற்பவர்தான் நன்றாகச் சொல்ல முடியும். 'தூக்க மாத்திரை' என்று வாங்கும் பல ஸ்ட்ரிப்களில் குளோனாசெபாமோடு எஸ்சிட்டலோபிராமும் கலந்திருக்கும். அதுதான் மனச்சோர்வு மருந்து. சர்க்கரையால் கால் எரிகிறது என்று 'நரம்பு மாத்திரை' வாங்குகிறவர் டுலாக்செட்டின் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். முதுகுவலிக்கு வாங்கியது டிராமடால் சேர்ந்த பாரசிட்டமாலாக இருக்கலாம். வறட்டு இருமலுக்கு அம்மா கொடுக்கும் சிரப்பில் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் இருக்கும். எதிர்ப்புச் சக்தி பெற்ற காசநோய்க்குத் தரும் லினசோலிடும் இதே நொதியைத் தடுப்பதுதான். இன்னொன்று உண்டு, அதை யாரும் வாய்திறந்து சொல்ல மாட்டார்கள். சீக்கிரம் விந்து வெளியேறுவதற்காக ஆண்கள் வாங்கும் மாத்திரையில் டபோக்செட்டின் இருக்கும், அதுவும் இந்த வகைதான். சீட்டில்லாமல், ஸ்ட்ரிப்பைப் பேப்பரில் சுருட்டி வாங்கிப் போகிறவர் மறுநாள் நீலச் சொட்டு கேட்டு வந்தால் எனக்கு எப்படித் தெரியும்? அதனால் பெயர் சொல்லச் சொல்வதில்லை. "வீட்ல இருக்கிற எல்லா ஸ்ட்ரிப்பையும், சிரப்பையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு வாங்க தம்பி" என்பேன். பாதிப் பேர் வருவதே இல்லை.

ஒரு இளைஞர் வந்தார். ஸ்ட்ரிப்பில் செர்ட்ராலின் இருந்தது. இரண்டையும் சேர்க்கக் கூடாது என்று எப்படியோ படித்திருக்கிறார். "அதனால மாத்திரைய நிறுத்திட்டேன் அக்கா, ரெண்டு வாரம் ஆகட்டும்னு வெயிட் பண்றேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த இரண்டு வாரக் கணக்கு எஃப்டிஏ எச்சரிக்கையில் உள்ளதுதான் (ஃப்ளூவாக்செட்டின் என்றால் ஐந்து வாரம்). அது மருத்துவர் முன்கூட்டியே திட்டமிடும் சிகிச்சைக்காகச் சொன்னது. தேர்வு நேரத்தில் மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரும். பழைய சோர்வும் திரும்பலாம். நினைவாற்றலுக்கு அதைவிடப் பெரிய எதிரி எது? அன்றைக்கே அவருடைய டாக்டருக்குப் போன் போடச் சொன்னேன். என் கடை வாசலில் நின்றே பேசினார்.

ஏற்கெனவே சேர்த்துச் சாப்பிட்டுவிட்டவர்கள் கவனிக்க வேண்டியது: காரணமில்லாத படபடப்பு, வியர்வை, கை நடுக்கம், காலில் தசை துள்ளல், வயிற்றுப்போக்கு, காய்ச்சல், பேச்சில் குழப்பம். பெரும்பாலும் சில மணி நேரத்தில் தொடங்கிவிடும். டோலோ போட்டுப் படுத்துக்கொள்ளக் கூடாது. அவசரப் பிரிவுக்குப் போகும்போது பாட்டிலையும் ஸ்ட்ரிப்களையும் கையோடு கொண்டுபோக வேண்டும். நீலச் சாயம் குடித்தேன் என்று சொல்ல வெட்கப்பட்டு மறைத்தால் அங்கே இருப்பவர்கள் காய்ச்சலுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரையும் நம்ப வேண்டாம். இந்தச் சாயம் உறிஞ்சும் சிவப்பு ஒளியைத்தான் அந்தக் கருவியும் பயன்படுத்துகிறது. அதனால் ரத்தத்தில் சாயம் இருந்தால் ஆக்சிஜனைக் குறைத்துக் காட்டக்கூடும்.

பாட்டில் விஷயத்துக்கு வருகிறேன். மீன் கடையில் கிடைப்பது மனிதருக்கானது இல்லை. சில மீன் மருந்துகளில் மாலகைட் கிரீனும் கலந்திருக்கும். அது உணவு மீன் வளர்ப்பிலேயே பல நாடுகள் தடைசெய்த சாயம். ஆய்வகத்துக்கான தூள் செல்லைச் சாயமேற்றிப் பார்க்கத் தயாரித்தது. ஆர்சனிக், காட்மியம் போன்ற உலோகங்கள் எவ்வளவு இருக்கலாம் என்ற மருந்துத் தரக் கட்டுப்பாடு அதற்குப் பொருந்தாது. சொட்டுக் கணக்கும் ஒரு தொல்லை. 1 சதவீதக் கரைசல் என்றால் 1 மில்லியில் 10 மில்லிகிராம். 20 சொட்டு ஒரு மில்லி என்று வைத்தால் ஒரு சொட்டில் அரை மில்லிகிராம். ஆனால் டிராப்பருக்கு டிராப்பர் சொட்டின் அளவு மாறும்.

ஜி6பிடி குறைபாடு உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. சிவப்பணுவில் உள்ள அந்த நொதி இருந்தால்தான் மெத்திலீன் ப்ளூ வேலை செய்யும். இல்லையென்றால் சிவப்பணுக்கள் உடையத் தொடங்கும். ஆண்களிடம் அதிகம் காணப்படும் பரம்பரைக் குறை இது. மலேரியாவுக்கு ப்ரைமாகுவின் சாப்பிட்டபோது மஞ்சள் காமாலை வந்ததா, சிறுநீர் கோலா நிறத்தில் போனதா என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ரத்தப் பரிசோதனையிலும் தெரிந்துவிடும். ரத்தம் உடைகிறது என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது சிறுநீரின் நிறம். இந்த மருந்தோ சிறுநீரை நீலப் பச்சையாக்கி அந்த அடையாளத்தையே மறைத்துவிடலாம். கர்ப்பிணிகள் பக்கமே போகக் கூடாது. பிறக்கப்போகும் குழந்தையின் குடலைப் பாதித்த பதிவுகள் உண்டு.

இத்தனைக்கும் பிறகு, பலன் உண்டா என்று கேட்பது நியாயம். ஆராய்ச்சி இருக்கிறது. 2016இல் டெக்சாஸில் ஆரோக்கியமான 26 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரே ஒரு முறை கொடுத்தபோது நினைவுகூரும் சோதனையில் சரியான விடைகள் 7 சதவீதம் கூடின. கொடுத்த அளவு 280 மில்லிகிராம். மேலே சொன்ன கணக்கில் அது 560 சொட்டு! வீடியோ காட்டுவது அந்த ஆராய்ச்சியை, குடிக்கச் சொல்வது பத்துச் சொட்டு. ஆராய்ச்சியின் பலன் வேண்டுமென்று அளவைக் கூட்டினால் அந்த ஆராய்ச்சியாளர்கள் வைத்திருந்த கண்காணிப்பும் கூடவே வேண்டும்.

அல்சைமருக்கும் முயன்றார்கள். டாவ்ஆர்எக்ஸ் நிறுவனம் இதன் மாற்று வடிவம் ஒன்றை 891 நோயாளிகளிடம் 15 மாதம் சோதித்தது. முடிவு 2016இல் வந்தது, முதன்மை இலக்கு எட்டப்படவில்லை. அதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. ஒப்பீட்டுக் குழுவுக்கு வெறும் மாத்திரை கொடுக்க முடியவில்லை. சிறுநீர் நிறம் மாறாவிட்டால் தனக்கு மருந்து தரவில்லை என்று நோயாளிக்குத் தெரிந்துவிடுமே! அதனால் அவர்களுக்கும் 4 மில்லிகிராம் வீதம் தினம் இரண்டு முறை கொடுத்தார்கள், நிறம் மாறட்டும் என்று. "குடிச்ச அன்னிக்கே தலை தெளிவாச்சு" என்று சொல்கிறவர்களிடம் இதைச் சொல்வேன். கழிப்பறைக்குப் போகும்போதெல்லாம் மருந்து வேலை செய்கிறது என்று நிறமே அறிவித்துக்கொண்டிருந்தால், தலை தெளிவாகத் தோன்றாமல் எப்படி இருக்கும்? வீட்டில் ஒரு ஆள் தன்மேல் செய்துகொள்ளும் சோதனையில் இதைப் பிரித்தறிய வழியே இல்லை.

சமீபத்தில் வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். மனைவிக்கு மறதி கூடிக்கொண்டே வருகிறது, மகன் வெளிநாட்டிலிருந்து இந்தச் சொட்டை அனுப்பட்டுமா என்று கேட்கிறாராம். அந்த அம்மாவின் மாத்திரைகளைக் கவரோடு கொண்டுவரச் சொன்னேன், மறுநாளே கொண்டுவந்தார். பல வருடமாக மெட்ஃபார்மின். அது உடலில் பி12 குறையக் காரணமாகலாம். சளிக்கென்று தினமும் குளோர்ஃபெனிரமின், இரவில் அமிட்ரிப்டிலின். வயதானவர்களின் நினைவை மந்தமாக்கும் பட்டியலில் இரண்டுமே உண்டு. அமிட்ரிப்டிலின் இருக்கும்போது நீலச் சொட்டைச் சேர்ப்பது தனி ஆபத்து. "நீங்களா எதையும் நிறுத்தாதீங்க சார், சொட்டையும் அனுப்ப வேண்டாம்னு சொல்லிடுங்க" என்று சொல்லி, எல்லாப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, பி12, தைராய்டு, காது கேட்கும் திறன் மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள் என்று அடியில் குறித்துக் கொடுத்தேன். வியாழக்கிழமை நரம்பியல் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறார்கள்.